பன்னிரண்டு பேஸ், ஒரு சாப்பாட்டு மேசை

கேள்வி இதுதான்: வேளச்சேரியில் இரண்டு பெட்ரூம் வாடகை வீடு. சின்னப் போர்வீரர் பொம்மைகளை வைத்து அலெக்சாண்டர், ஹன்னிபால் காலத்துப் போர்களை ஆடும் வீடியோக்களைப் பார்த்து ஆசை வந்துவிட்டது. ஆனால் அவர்களுடைய மேசையே எங்கள் ஹாலைவிடப் பெரிதாக இருக்கிறது, மேலே ஆயிரம் பொம்மைகள். இந்த இடத்தில், இந்தச் சம்பளத்தில் ஆட வழி உண்டா? சோழர் படையை இறக்க முடியுமா?

முடியும். நங்கநல்லூரில் என் வீட்டில் இருப்பது நான்கு பேர் உட்காரும் சாப்பாட்டு மேசை. ஞாயிறு மதியம் ரசம் கிண்ணத்தை எடுத்து மேசையைத் துடைத்ததும் அதன்மேல்தான் ஜீலம் நதி ஓடுகிறது. மாலை காபி வருவதற்குள் இரண்டு போர்கள் முடிந்துவிடும். நாற்காலிகூட நகர்த்த வேண்டியதில்லை.

இடத்தையும் பணத்தையும் பற்றிப் பேசுவதற்கு முன், பெரிய மேசை மீது உங்களுக்கு இருக்கும் மயக்கத்தைக் கொஞ்சம் கலைத்துவிடுகிறேன். ஆயிரம் பொம்மைகளை வைத்தாலும் அவற்றைத் தனித்தனியாக யாரும் நகர்த்துவதில்லை. இருபது முப்பது பொம்மைகளை ஒரு தட்டில் ஒட்டி, தட்டைத்தான் தள்ளுகிறார்கள். கடைசியில் கையில் இருப்பது பதினைந்தோ இருபதோ தட்டுகள். அதே தட்டைச் சின்னதாக்கி, நான்கு பொம்மைகளோடு நிறுத்திக்கொண்டாலும் தளபதியாக நீங்கள் எடுக்கிற முடிவு அதேதான். படம் எடுத்துப் போட்டால் லைக் குறைவாக வரும், அவ்வளவுதான்.

இந்தச் சின்ன அளவுக்கென்றே எழுதப்பட்ட விதிமுறை ஒன்று உண்டு. 1990-ல் இங்கிலாந்தின் வார்கேம்ஸ் ரிசர்ச் குரூப் வெளியிட்ட டெ பெல்லிஸ் ஆன்டிக்விடாடிஸ். ஆடுபவர்கள் சுருக்கமாக டிபிஏ என்பார்கள். பக்கத்துக்குப் பன்னிரண்டு பேஸ். பேஸ் என்பது பொம்மைகளை ஒட்டியிருக்கும் சின்னச் செவ்வகம். 15 மில்லிமீட்டர் உயரப் பொம்மை என்றால் ஒவ்வொரு பேஸும் 40 மில்லிமீட்டர் அகலம். நெருக்கமாக நிற்கும் ஈட்டிக்காரர், வாள்வீரர் என்றால் ஒரு பேஸில் நான்கு பேர். குதிரைப்படை மூன்று பேர். எறிவேல், கவண்காரர் இரண்டு பேர். யானை என்றால் ஒன்றே ஒன்று. கூட்டிப் பாருங்கள், ஒரு படைக்கு ஐம்பது பொம்மைகள்கூடத் தேவைப்படாது. களம் இரண்டடிக்கு இரண்டடி, கிட்டத்தட்ட நம் கேரம் போர்டு அளவு. ஆட்டம் ஒரு மணி நேரத்துக்குள் முடியும். வேறு நல்ல விதிமுறைகளும் இருக்கின்றன, சண்டையே வேண்டாம். ஆனால் சென்னை ஃப்ளாட்டில் முதல் அடி வைக்கிறவருக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

இதன் உயிர் ஒரு பகடையில் இருக்கிறது. உங்கள் முறை வந்ததும் ஒரு பகடை உருட்டுவீர்கள். விழுந்த எண்ணிக்கைதான் அந்த முறையில் நீங்கள் தரக்கூடிய கட்டளைகள். ஒரு கட்டளையில் ஒரு பேஸை நகர்த்தலாம். அல்லது ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு ஒரே திசை பார்த்து நிற்கும் பேஸ்களை மொத்தமாக நகர்த்தலாம். ஆட்டம் தொடங்கும்போது படை ஒரே வரிசையில் நிற்கும், ஒரு கட்டளை போதும். பகடையில் ஒன்று விழுந்தாலும் கவலை இல்லை. கைகலப்பு ஆரம்பித்ததும் கதை மாறும். ஒரு பேஸ் பின்வாங்கும், இன்னொன்று முன்னேறிவிடும், வரிசை பல்லுப் போன சீப்பு மாதிரி ஆகும். இப்போது ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டளை வேண்டும். சரியாக அந்த நேரம் பார்த்துப் பகடையில் இரண்டு விழும். இடது பக்கத்தைக் காப்பாற்றுவதா, வலது பக்கத்துக் குதிரைகளைத் திருப்புவதா? இரண்டையும் செய்ய முடியாது. முரசும் சங்கும் தவிர வேறு தொடர்பு இல்லாத காலத்துத் தளபதி உட்கார்ந்திருந்த இடத்தில் நீங்கள் உட்கார்வது அந்த நிமிடத்தில்தான்.

சதுரங்கத்திலிருந்து இது பிரியும் இடமும் அதுதான். எங்கள் வீட்டுக்கு வருகிற எல்லாரும் "செஸ் மாதிரியா?" என்று கேட்கிறார்கள். சதுரங்கம் என்ற சொல்லுக்கே நான்கு உறுப்புகள் கொண்ட படை என்றுதான் பொருள். தேர், யானை, குதிரை, காலாள். ஆக உறவு இருக்கிறது. ஆனால் செஸ்ஸில் யானை நீங்கள் சொன்ன இடத்துக்குப் போகும். இதில் போகலாம், போகாமலும் இருக்கலாம். என் அம்மா இதைத் தாயக்கட்டம் என்றே சொல்வார். அதுவும் பாதி சரிதான்.

சண்டைக் கணக்கு எளிது. மோதும் இரண்டு பேஸுக்கும் ஆளுக்கொரு பகடை. விழுந்த எண்ணோடு அந்தப் படைப்பிரிவின் பலத்தைக் கூட்ட வேண்டும். பலம் எதிரே யார் நிற்கிறார் என்பதைப் பொறுத்து மாறும். வாள்வீரருக்குக் காலாளுக்கு எதிரே 5, குதிரைக்கு எதிரே 3. வில்லாளருக்குக் காலாளுக்கு எதிரே 2, குதிரைக்கு எதிரே 4. தளபதி அந்த பேஸில் இருந்தால் ஒன்று கூடும். பக்கத்தில் எதிரியின் இன்னொரு பேஸ் ஒட்டி நின்றால் ஒன்று குறையும். கூட்டுத்தொகை குறைந்தவர் பொதுவாகப் பின்வாங்குவார். எதிரியின் தொகையில் பாதியோ அதற்கும் கீழோ போனால் பெரும்பாலும் அழிவார். நான்கு பேஸ் இழந்து, எதிரியைவிட அதிகம் இழந்திருந்தால் தோல்வி. விதிப் புத்தகத்தின் ஆங்கிலம் தந்திப் பாஷையில் இருக்கும், முதல் முறை படிக்கும்போது தலை சுற்றும். விளையாடித்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

எங்கள் கீழ்வீட்டில் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மாமா ஒருவர் இருக்கிறார். பகடை உருளுகிற சத்தம் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று புகார் சொல்ல ஒரு ஞாயிறு மாடியேறி வந்தார். "என்னப்பா இது, கொலுவா?" என்று கேட்டார். நாங்கள் ஆடிக்கொண்டிருந்தது கி.மு. 326, ஜீலம் நதிக்கரை, அலெக்சாண்டரும் போரஸும். "யானை நம்ம கட்சிதானே?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டவர் இன்றுவரை போரஸை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

அந்தப் போரைப் பற்றிப் பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் அர்ரியன் தரும் கணக்கில் போரஸிடம் 30,000 காலாட்கள், 4,000 குதிரைகள், 300 தேர்கள், 200 யானைகள். மழைக்காலம், நதி நிறைந்து ஓடுகிறது. அலெக்சாண்டர் படையில் ஒரு பகுதியைக் கிராட்டெரஸ் என்ற தளபதியோடு முகாமிலேயே விட்டுவிட்டு, இடியும் மழையுமான இரவில் மேலே போய் ஆற்றைக் கடந்துவிட்டான். தடுக்க வந்த போரஸின் மகனிடம் 120 தேர்கள் இருந்தன. அவை சேற்றில் சிக்கின, மகன் இறந்தான். இதை மேசையில் எப்படிக் கொண்டுவருவது? எங்கள் போரஸ் படையில் மூன்று யானை, இரண்டு தேர், இரண்டு குதிரை, ஐந்து வில். தேர் நகரும்போதெல்லாம் ஒரு கட்டளை கூடுதலாகச் செலவாகும் என்று நாங்களாகவே ஒரு விதி சேர்த்துக்கொண்டோம். அந்த ஒற்றை விதியில் மேசை முழுக்கச் சேறாகிவிட்டது.

மாமாவின் இரண்டாவது ஆட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். யானைகளை நடுவில் வரிசையாக நிறுத்தி, அவற்றுக்கு நேர் பின்னால் வில்லாளர்களை ஒட்டி வைத்தார். பார்க்கக் கோட்டைச் சுவர் மாதிரி இருந்தது. நான் நீள் ஈட்டிப் படையோடு நடு யானையை மோதினேன். மாமாவுக்கு விழுந்தது 1, எனக்கு 5. யானை அழியவில்லை, பின்வாங்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் பின்வாங்கும் யானை எதன்மேல் மோதுகிறதோ அது அழியும் என்பது விதி. பின்னால் நின்றது அவருடைய சொந்த வில்லாளர்கள். என் ஈட்டி தொடாமலே ஒரு பேஸ் போனது. அடுத்த முறை பக்கத்து யானைக்கும் அதே கதி. "இது என்னப்பா அநியாயம், நம்ம யானையே நம்மாளை மிதிக்குமா?" என்றார். மிதித்தது என்றுதான் அர்ரியனும் எழுதுகிறார்: இடம் நெருங்கி, பாகர்கள் விழுந்து, காயம்பட்ட யானைகள் நண்பர் பகைவர் பார்க்காமல் மிதித்தன. மூன்றாவது ஞாயிறு மாமா யானைகளுக்குப் பின்னால் நல்ல இடைவெளி விட்டுத்தான் படையை நிறுத்தினார். புத்தகம் படித்து வருகிற அறிவு ஒரு வகை. சொந்த வில்லாளரை இழந்து வருகிற அறிவு இன்னொரு வகை.

அவர் கண்டுபிடித்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். விதிப்படி பின்வாங்குகிற பேஸ் எதிரியைப் பார்த்தபடியே பின்னால் நகரும். ஓடுகிற பேஸ்தான் திரும்பி முதுகைக் காட்டும். "அப்போ பின்வாங்கினா புறப்புண் வராது" என்றார் மாமா. வெண்ணிப் போரில் கரிகாலனிடம் முதுகில் புண்பட்டு, நாணி வடக்கிருந்த சேரனைப் பாடும் புறநானூற்று மரபிலிருந்து வருகிறவருக்கு இந்த வேறுபாடு உடனே பிடிபட்டுவிட்டது. எனக்கு ஐந்து வருடம் கண்ணில் படவே இல்லை.

சரி, சோழர் விஷயத்துக்கு வருகிறேன். டிபிஏ படைப்பட்டியலில் நம்மவர்கள் உண்டு. ஆனால் தமிழர், சிங்களர் படைகளைச் சேர்த்து ஒரே பட்டியலாக, ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஒரே அச்சில் வார்த்திருக்கிறார்கள். சங்க கால வேளிரும் ராஜேந்திரனும் ஒரே மாதிரிப் படையோடு வருவதை என்னால் ஒப்புக்கொள்ள முடிவதில்லை. எனவே பட்டியலை ஒரு தொடக்கமாக மட்டும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு போருக்கும் நாமே பன்னிரண்டைப் பிரித்துக்கொள்வது நல்லது. பிரிவுகளுக்குப் பெயர் தேடவும் வேண்டாம். தஞ்சைக் கோயில் கல்வெட்டுகளில் தெரிந்த (அதாவது, தேர்ந்தெடுத்த) வில்லிகள், தெரிந்த கைக்கோளர், யானைப்படையினரான குஞ்சரமல்லர் என்று பெயர்கள் வரிசையாக வருகின்றன. பேஸின் பின்விளிம்பில் 'குஞ்சரமல்லர்' என்று எழுதி ஒட்டிப் பாருங்கள், அந்த யானைக்கு ஒரு கம்பீரம் வந்துவிடும்.

சென்னையில் இருப்பவருக்கு ஒரு வசதி, போர்க்களங்களுக்கு பைக்கில் போய்விட்டு வரலாம். தாம்பரத்துக்கு மேற்கே இருக்கும் மணிமங்கலத்தில்தான் முதலாம் நரசிம்மவர்மன் இரண்டாம் புலகேசியை வென்றான். பரியளம், மணிமங்கலம், சூரமாரம் என்ற மூன்று களங்களைக் கூரம் செப்பேடு சொல்கிறது. புலகேசியின் முதுகிலே வெற்றி என்ற சொல்லை, ஏட்டில் எழுதுவது போல எழுதினான் என்கிறது, மறுபடியும் முதுகு! அதன் தொடர்ச்சியாக 642-ல் வாதாபி விழுந்தது. ஊருக்குப் போனால் பெரிய ஏரி, சுற்றிலும் வயல். அந்த ஏரி அன்றைக்கும் இதே இடத்தில் இருந்ததா என்பது இருக்கட்டும், தொண்டை மண்டலத்துக் களம் என்றால் மேசையில் ஒரு ஏரி வைப்பதில் தப்பில்லை. எங்கள் மணிமங்கலம் ஆட்டத்தில் இடது பக்கம் முழுக்க ஏரி. சாளுக்கியக் குதிரைகள் சுற்றி வர வழியில்லாமல் போய், ஆட்டமே ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

இன்னும் கொஞ்சம் தள்ளினால் அரக்கோணம் பக்கத்தில் தக்கோலம். 949-ல் பராந்தகனின் மகன் ராஜாதித்தன் ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனோடு பொருதிய இடம். கிருஷ்ணன் பக்கம் நின்ற கங்க மன்னன் பூதுகன் ராஜாதித்தனை யானைமேலேயே கொன்றான். தலைவன் விழுந்ததும் சோழர் படை சிதறியது. டிபிஏ-யிலும் தளபதியை இழந்து, அதோடு எதிரியைவிட அதிக இழப்பும் இருந்தால் உடனே தோல்விதான். சொல்லி வைத்தாற்போல் தக்கோலத்துக்கு விதி அப்படியே பொருந்துகிறது.

நூறு ஆண்டு கழித்து 1054-ல், ஒரு பேராற்றங்கரையில், கொப்பத்தில் அதே மாதிரி ஒரு நிமிடம் வந்தது. எதிரே சாளுக்கியன் ஆகவமல்லன். சோழ மன்னன் ராஜாதிராஜன் யானைமேல் இறந்தான். "ஆனைமேல் துஞ்சின" என்ற அடைமொழி அவனுக்கு வந்தது இதனால்தான். படை பின்வாங்கத் தொடங்கியது. ஆனால் தம்பி இரண்டாம் ராஜேந்திரன் முன்னே வந்தான். அவன் யானையின் நெற்றியில் அம்பு தைத்தது, அவன் தொடையிலும் தைத்தது, அப்படியும் நின்று ஜெயித்து, களத்திலேயே முடி சூடினான். இதை விவரிக்கிற அவனுடைய கல்வெட்டு எங்கே இருக்கிறது தெரியுமா? அதே மணிமங்கலத்தில், ராஜகோபாலப் பெருமாள் கோயில் சுவரில். பல்லவர் களத்தைப் பார்க்கப் போனவன் கோயிலுக்குள் நுழைந்து கொப்பத்தில் வந்து நின்றேன்.

கொப்பத்தை மூல விதிப்படி ஆடினால் ராஜாதிராஜன் விழுந்த இடத்தில் ஆட்டம் முடிந்துவிட வாய்ப்பு அதிகம். வரலாறு அங்கே முடியவில்லை. அதனால் நாங்கள் ஒரு வீட்டு விதி வைத்தோம்: சோழர் பக்கம் இரண்டாவது தளபதி பேஸ் ஒன்று பின்னால் நிற்கும். முதல் தளபதி விழுந்தால் அந்த முறை முழுக்கச் சோழருக்கு ஒரே ஒரு கட்டளைதான்; அடுத்த முறையிலிருந்து தம்பி தளபதி. அந்த ஒரு முறையைத் தாண்டிவிட்டால் ஜெயிக்கலாம். தாண்டுவதுதான் கஷ்டம். விதிகளை இப்படி வளைப்பது பாவம் என்று சில பேர் சொல்வார்கள். போட்டிக்கு ஆடினால் பாவம்தான், வீட்டில் ஆடும்போது இதுதான் பாதி சுவாரசியமே.

சங்க காலம் வேண்டுமானால் தலையாலங்கானம். பாண்டியன் நெடுஞ்செழியன் ஒருவன், எதிரே சேரன், சோழன், ஐந்து வேளிர், ஆக எழுவர். பாட்டுகள் வீரத்தையும் வெற்றியையும் பாடுகின்றன, யார் எந்தப் பக்கம் நின்றார் என்று அணிவகுப்புச் சொல்வதில்லை. எனவே ஏழு பேர் கூட்டணி என்ற ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். எதிர்ப்பக்கத்தை மூன்று நண்பர்களுக்குப் பிரித்துக் கொடுத்து, ஆளுக்கொரு பகடை கொடுங்கள். பாண்டியனுக்கு ஒரே மூளை. ஒருவரையொருவர் கலந்து பேசக்கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டால் போதும், பாண்டியன் எப்படி ஜெயித்தான் என்பது அரை மணி நேரத்தில் விளங்கிவிடும்.

இப்போது செலவு. பொம்மை எதையும் இன்றைக்கு வாங்காதீர்கள். பழைய கல்யாணப் பத்திரிகைகள் வீட்டில் இருக்குமே, அந்தக் கெட்டி அட்டையை 40 மில்லிமீட்டர் அகலத்தில் இருபத்து நான்கு துண்டுகளாக வெட்டுங்கள். மேலே 'யானை', 'வில்', 'குதிரை' என்று ஸ்கெட்ச் பேனாவால் எழுதுங்கள். நான்கு ஆட்டம் ஆடுங்கள். பிடித்தால் மேற்கொண்டு போகலாம், பிடிக்காவிட்டால் நஷ்டம் இரண்டு பகடை. ஒரே எச்சரிக்கை, மேலே ஃபேனை ஒன்றில் வையுங்கள். மே மாதம் ஒருமுறை மூன்றில் சுழலவிட்டு ஆடியபோது ரோமானியப் படை முழுவதும் சோபாவுக்கு அடியில் போய்ப் பதுங்கியது.

வாங்குவதென்றால் அளவை முதலில் முடிவு செய்ய வேண்டும். 28 மில்லிமீட்டர் பார்க்க அழகு, விலையும் இடமும் அதிகம். 6 மில்லிமீட்டர் கூட்டமாக நின்றால் உண்மையான படை போலவே இருக்கும், ஆனால் என் வயதில் கண் ஒத்துழைக்காது. 15 நடுவழி. 1/72 (உண்மையான ஆளில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு) என்று ஒரு மென்பிளாஸ்டிக் வகை உண்டு, ஹாட், ஸ்வெஸ்டா போன்ற நிறுவனங்கள் பழங்காலப் படைகளைப் பெட்டியாகவே போடுகின்றன, பொம்மை ஒன்றுக்குக் கணக்குப் பார்த்தால் மலிவு. அதன் குறை, பிளாஸ்டிக் வளைந்து கொடுக்கும், பெயின்ட் உரியும். சோப்புத் தண்ணீரில் கழுவி, காயவைத்து, நீர் சேர்த்த ஃபெவிகாலை மெல்லப் பூசிவிட்டு அப்புறம் பெயின்ட் அடித்தால் ஓரளவு நிற்கும். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் கூரியரும் சுங்க வரியும் சேர்ந்து பொம்மையின் விலையைத் தொட்டுவிடலாம். நண்பர்கள் சேர்ந்து ஒரே பார்சலாக வாங்குங்கள். இல்லையென்றால் 3டி பிரின்ட். பொம்மையின் டிஜிட்டல் கோப்பு ஒன்றை விலைக்கு வாங்கி, ரெசின் பிரின்டர் வைத்திருப்பவரிடம் கொடுத்தால் வேலை முடிந்தது. ஈட்டிகள் மட்டும் தொட்டால் ஒடியும். ஒடிந்த இடத்தில் பெயின்டர் பிரஷ்ஷின் தடித்த நைலான் முடி ஒன்றை வெட்டி ஒட்டிவிடுங்கள், அது வளையும், ஒடியாது.

படைகளைத் தேர்ந்தெடுக்கும்போது சிக்கனமாக யோசியுங்கள். நம்மூர் யானை மூன்று இருந்தால் போரஸ், மௌரியர், பல்லவர், சோழர் எல்லாருக்கும் அதுவே. இன்னும் போனால், சந்திரகுப்த மௌரியர் அலெக்சாண்டரின் தளபதியாக இருந்த செலூக்கஸுக்குக் கொடுத்ததாகச் சொல்லப்படும் 500 யானைகளின் வழியில் கிரேக்கப் படைகளுக்கும் வாடகைக்கு விடலாம். கி.மு. 217-ல் ராபியா போர்க்களத்தில் செலூக்கஸின் வழிவந்த மன்னன் அந்தியோக்கஸிடம் இருந்த 102 இந்திய யானைகளைக் கண்டு எதிரியின் ஆப்பிரிக்க யானைகள் மிரண்டன என்று கிரேக்க வரலாற்றாசிரியர் பாலிபியஸ் எழுதுகிறார். மாமாவிடம் அதைச் சொன்ன நாளில் அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், ஏதோ பேரன் பரீட்சையில் ஜெயித்த மாதிரி.

யானைக்கு வர்ணம் தீட்டுவது பயப்படுகிற அளவுக்குக் கஷ்டமில்லை. முதலில் கறுப்பில் கொஞ்சம் பழுப்பு கலந்து முழுக்க அடியுங்கள். காய்ந்ததும், சாம்பல் வர்ணத்தில் பிரஷ்ஷைத் தொட்டு, பழைய துணியில் துடைத்து, பெயின்ட் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வருகிற நிலையில் பொம்மைமேல் லேசாக இழுங்கள். மேடான இடங்கள் மட்டும் வர்ணத்தைப் பிடிக்கும், தோலின் சுருக்கங்கள் கறுப்பாகவே தங்கும். இதுவரை செய்தால் அது யானை. நம்மூர் யானை ஆக வேண்டுமென்றால் காது விளிம்பிலும் தும்பிக்கையின் அடியிலும் வெளிறிய ரோஜா நிறத்தில் புள்ளி புள்ளியாக வையுங்கள். கோயில் யானை எதையாவது ஐந்து நிமிடம் நின்று பார்த்தால் எங்கே வைப்பது என்று தெரியும். கேம்லின் அக்ரிலிக்கும் சைபர் நம்பர் பிரஷ்ஷும் போதும். போரஸ் காலத்து யானைமேல் மர அம்பாரி வைக்காதீர்கள். பாகனோடு வில்லாளர் மூவர் என்று மெகஸ்தனிஸ் சொன்ன கணக்கே போதும்.

நான் கெடுத்ததையும் சொல்லிவிடுகிறேன். நவம்பரில், மழை விட்ட ஒரு மாலை, மொட்டை மாடியில் ஸ்ப்ரே பிரைமர் (பெயின்டுக்கு முன் பூசும் அடிப்பூச்சு) அடித்தேன். காற்றில் இருந்த ஈரம் பட்டு, இருபது குதிரைகளும் விபூதி பூசியது போல வெள்ளை பூத்துவிட்டன. அன்றிலிருந்து மழைக்காலத்தில் பிரஷ்ஷால் மட்டும்தான் பிரைமர். இரண்டாவது, பேஸில் தூவ பெசன்ட் நகர் கடற்கரை மணலைக் கழுவாமல் அள்ளி வந்தது. இரண்டே மாதத்தில் உப்புப் பூத்துப் பெயின்ட் கொப்பளித்தது. ஆற்று மணலோ சலித்த ரவையோ போட்டிருக்கலாம். ரவை என்றால் மேலே நன்றாகப் பசை பூச வேண்டும், இல்லாவிட்டால் எறும்பு முற்றுகை. மெல்லிய எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) பேஸ்கள் நம் ஈரப்பதத்தில் முதுகு வளையும், இரண்டு பக்கமும் பெயின்ட் அடித்துவிட்டால் வளைவது குறையும்.

களம் அமைக்கிற வேலையைச் சென்னைக்காரருக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. கொலுப் பார்க் வைத்த வீடுதானே? நவராத்திரி சமயத்தில் மயிலாப்பூர் மாடவீதியில் விற்கிற குட்டி மரங்களும் குடிசைகளும் 15 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் பெரிதுதான், இருந்தாலும் பனைமரம் நன்றாகப் பொருந்தும். பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரைப் பிய்த்தால் புதர். பழுப்புப் போர்வை ஒன்று, நீல சார்ட் பேப்பரில் வெட்டிய ஆறு ஒன்று. என் மனைவி ஒரு வருடம் கொலுவின் கடைசிப் படியில் மணிமங்கலம் போரையே வைத்தாள். சுண்டல் வாங்க வந்தவர்களில் பாதிப் பேர் மகாபாரதம் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

ஆட ஆள் கிடைக்காவிட்டாலும் கவலை வேண்டாம். கட்டளைகளைப் பகடை முடிவு செய்வதால் தனியாக இரண்டு பக்கமும் ஆடினாலும் சுவாரசியம் கெடுவதில்லை. எது நடக்கும் என்று உங்களுக்கே தெரியாது. ஆள் சேர்க்க வேண்டுமானால் இரண்டு படைகளையும் நீங்களே தயார் செய்து வையுங்கள். "நீங்களும் ஒரு படை வாங்குங்கள்" என்று சொன்னால் யாரும் வர மாட்டார்கள். "உட்காருங்க, இதோ உங்கள் யானை" என்றால் வந்துவிடுவார்கள்.

அடுத்த ஞாயிறு எங்கள் வீட்டில் தக்கோலம். கொப்பத்து வீட்டு விதியை, அந்த இரண்டாவது தளபதியை, இதற்கும் கொடு என்று மாமா மூன்று நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். முடியாது என்று சொல்லிவிட்டேன். நேற்று இரவு அவர் பேரனை அனுப்பி மறுபடியும் கேட்டுவிட்டார்.